மல்லி தங்கியிருந்த அறை

எங்கள் ஊர்த் தண்ணீர் கொஞ்சம் கரிக்கும். பழகாதவர்களால் வெறும் தண்ணீராகக் குடிக்க முடியாது என்றுதான் டீயாகப் போட்டேன். சர்க்கரை தூக்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் அக்கா. மல்லிக்கு அப்படிப் போட்டுப் போட்டு எனக்குக் கை பழகிவிட்டது. உங்கள் ஊரில் பால் ஊற்றாமல் குடிப்பீர்களாம், அவள் சொல்லியிருக்கிறாள்.

நான் தமிழில் சொல்வதைச் சித்தார்த்தன் இங்கிலீஷில் சொல்வான். அதை உங்கள் சின்ன மகள் உங்கள் பாஷையில் சொல்லும். இரண்டு வாய் மாறி உங்களிடம் வந்து சேர வேண்டும். அதனால் நிதானமாகவே சொல்கிறேன்.

சித்தார்த்தன் திண்டிவனத்துப் பையன். சுனாமிக்குப் பிறகு வந்த மருத்துவக் குழுவில் மல்லியோடு வேலை பார்த்தவன். காலையில் உங்களைக் கல்லறையிலிருந்து நேராக இங்கே கூட்டி வந்து, "இவங்க மல்சோமியோட அம்மா. மிசோரத்துல இருந்து நாலு நாள் பிரயாணம் பண்ணி வந்திருக்காங்க. பொண்ணைக் கடைசி வரைக்கும் பாத்துக்கிட்டதுக்கு உங்களுக்கு நன்றி சொல்லணுமாம்" என்றான். நீங்கள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டீர்கள். நான் கையை உருவிக்கொண்டேன். அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஏன் உருவினேன் என்பதைத்தான் இப்போது சொல்கிறேன்.

எனக்கு ஒரே மகள், கலைமதி. நாங்கள் உப்பளத்தில் கூலி வேலை செய்கிற ஜனம். கடலுக்கும் எங்களுக்கும் மீன் வாங்குவதோடு சரி. சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் மீன் வாங்கத்தான் கரைக்குப் போனாள். நானும் என் வீட்டுக்காரர் பச்சமுத்துவும் மூன்று நாள் தேடினோம். கழுவெளி ஏரி ஓரம் வேலிக்காத்தான் முள்ளுக்குள் கிடைத்தாள். என் பாதம் இரண்டும் முள் ஏறிச் சீழ் வைத்துவிட்டது.

பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டிருந்தார்கள். அங்கேதான் மல்லி. மல்சோமி என்கிற பெயர் எங்கள் வாயில் புரளவில்லை. சொல்லிச் சொல்லி மல்லி ஆகிவிட்டது. அப்போது அவளுக்குத் தமிழில் இரண்டு வார்த்தைதான் தெரியும். சோறு, வலி. தரையில் உட்கார்ந்து என் காலைத் தன் மடிமேல் வைத்துக்கொண்டு தினமும் முள் எடுத்தாள். ஒவ்வொரு முள்ளையும் எடுத்ததும் என் உள்ளங்கையில் வைத்துக் காட்டுவாள். பதினோரு நாள். பதினோராவது நாள்தான் நான் வாய்விட்டு அழுதேன். அவளும் அழுதாள். பிறகு இரண்டு பேரும் சோறு தின்றோம்.

வீட்டுக்குப் பின்னால் கலைமதிக்காகக் கட்டிய ஓர் அறை இருந்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, சந்துப் பக்கம் ஒரு கதவு, ஒரு ஜன்னல். காலையில் போய்ப் பார்த்தீர்களே, அதுதான். முகாம் முடிந்ததும் மல்லியை அங்கே தங்க வைத்தேன். என்னை அம்மா என்றுதான் கூப்பிடுவாள். வருஷம் முழுக்க வீடு வீடாகப் போய்ப் பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்ப்பாள், புண்ணுக்கு மருந்து வைப்பாள். உப்பளத்துக் கால் வெடிப்புக்கு அவள் கொடுத்த களிம்பு இன்னும் இந்தத் தெருவில் இருக்கிறது.

இந்த வருஷம் மாசியில் டிவியில் கோழிக் காய்ச்சல் என்று காட்டினார்கள். வடக்கே எங்கேயோ கோழிகளைக் குழி தோண்டிப் புதைத்தார்கள். சீனா, வியட்நாம் என்று பெயர் சொல்லி, அங்கே ஆஸ்பத்திரி வாசலில் வாயில் துணி கட்டிக்கொண்டு நிற்கிற ஜனங்களைக் காட்டினார்கள். அவர்கள் முகம் மல்லி முகம் மாதிரி இருந்தது. டிவி பார்த்துக்கொண்டிருந்த எல்லாரும் ஒரு தரம் திரும்பி அவளைப் பார்த்தார்கள். அவள் எங்களோடு உட்கார்ந்து மல்லாட்டை உரித்துத் தின்றுகொண்டிருந்தாள். பார்த்தார்கள், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு பிள்ளைகள் அவளைக் கண்டால் கண்ணோரத்தை விரலால் இழுத்துக் காட்டின. அவளும் பதிலுக்குத் தன் கண்ணை உருட்டி விழித்துக் காட்டிச் சிரிப்பாள். பெரியவர்கள் சீனாக்காரி என்றார்கள். "நான் இந்தியா. மிசோரம்" என்பாள். எங்கள் ஊரில் மிசோரத்தை யாருக்கும் தெரியாது. சீனாவைத் தெரியும்.

அந்த மாசக் கடைசியில் குழு ஊருக்குக் கிளம்பியது. "நீயும் வந்துடு மல்சோமி" என்று இந்தச் சித்தார்த்தன் சொன்னான். அவளும் டிக்கெட் எடுத்துவிட்டாள். நான்தான், "உப்பு சீசன் முடியற வரைக்குமாவது இரும்மா. நீயும் போயிட்டா அந்த ரூமை நான் எப்படிப் பாப்பேன்" என்றேன். அவள் டிக்கெட்டை ரத்து செய்தாள். இதை நான் சொல்லாவிட்டால் உங்களுக்குத் தெரியவே தெரியாது.

சித்திரையில் காய்ச்சல் வந்தது. முதல் நாள் உடம்பு நெருப்பாகக் காயும். மறுநாள் மூட்டுக்கு மூட்டு பிடித்துக்கொள்ளும். ஆம்பிளைகள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். பக்கத்து வீட்டுக் குப்பம்மாள், என்னோடு இருபது வருஷம் உப்பு வாரியவள், தவழ்ந்துதான் கொல்லைக்குப் போனாள். சிக்குன்குனியா என்றார்கள். எங்கள் வாயில் அது சிக்கன்குனியா ஆயிற்று. "பேர்லயே சிக்கன் இருக்குது பாரு. டிவில காட்டினானே, அதான் இது" என்றார் உப்பள மேஸ்திரி தட்சணாமூர்த்தி. அவர் தினமும் பேப்பர் படிக்கிறவர்.

சித்திரை, வைகாசிதான் எங்களுக்கு உப்பு விளைகிற காலம். இந்த வெயிலை விட்டால் மழைக்காலம் முழுக்க வேலை கிடையாது. பாத்தி பாத்தியாக உப்பு வெள்ளையாகப் பூத்து நிற்கிறது, வாருவதற்கு ஆள் இல்லை. எழுந்து நிற்க முடியாதவர்கள் படுத்த இடத்திலேயே யோசித்துக்கொண்டிருந்தார்கள். இது ஏன் வந்தது, யாரால் வந்தது என்று. விசாரிக்க ஒரு அதிகாரியும் வரவில்லை. கொசு என்று மல்லி மட்டும்தான் சொன்னாள். கொசு எப்போதும்தான் இருக்கிறது. புதிதாக வந்தது அவள்தான். எங்கள் ஜனங்கள் கெட்டவர்கள் இல்லை அக்கா. வலியில் இருந்தார்கள்.

தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் நாலு நாளைக்கு ஒருமுறை வரும். கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாது. அதனால் வீட்டுக்கு வீடு நீல டிரம்மில் பிடித்து வைத்திருப்போம். மல்லி டார்ச் லைட்டோடு வீடு வீடாகப் போய், டிரம்மில் நெளிகிற புழுவைக் கண்ணாடி டம்ளரில் மொண்டு காட்டினாள். "கொட்டணும்மா. தேய்ச்சுக் கழுவணும்மா" என்றாள். யாரும் கொட்டவில்லை. ஒருநாள் பொறுக்க முடியாமல் குப்பம்மாள் வீட்டு டிரம்மை அவளே சாய்த்துவிட்டாள். அடுத்த தண்ணீர் வர இரண்டு நாள் இருந்தது. குப்பம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து, தெருவில் ஓடுகிற தண்ணீரைப் பார்த்து அழுதாள். மல்லி ஓடிப்போய் எங்கள் வீட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தாள். குப்பம்மாள் அதை வாங்கி, அதையும் தெருவில் கொட்டினாள்.

எங்கள் வீட்டில் எனக்கும் காய்ச்சல் வரவில்லை, பச்சமுத்துவுக்கும் வரவில்லை. எங்கள் டிரம்மை மல்லி சனிக்கிழமைதோறும் தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக் கழுவி, வேட்டித் துணியால் வாயைக் கட்டிவிடுவாள். காரணம் அதுதான். எனக்கு அன்றைக்கே தெரியும்.

குழாயடியில் என் குடத்துக்குப் பக்கத்தில் யாரும் குடம் வைக்கவில்லை. மேஸ்திரி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சாலம்மா, நீ கொஞ்ச நாள் வேலைக்கு வராத. மத்தவங்க சங்கடப்படுறாங்க" என்றார். இப்படிப் பத்து நாள். நான் இந்தத் தெருவில் பிறந்து இந்தத் தெருவிலேயே வாழ்க்கைப்பட்டவள். கலைமதியை எடுத்த அன்று இந்தத் தெருவில் ஒரு வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. அப்படிப்பட்ட தெரு என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போயிற்று. மகள் இல்லாமல் இருக்கப் பழகிக்கொண்டேன். தெரு இல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

பத்தாவது நாள் குப்பம்மாளே வாயைத் திறந்தாள். "ஏன்டி சாலம்மா, ஊருக்கே வந்துடுச்சு. உன் வீட்டுக்கு மட்டும் ஏன் வரல?"

குழாயடி முழுக்க என்னைப் பார்த்தது. டிரம்மைக் கழுவுகிறாள், துணி கட்டுகிறாள் என்று சொல்லியிருக்கலாம். டிரம் பேச்சை எடுத்தால் குப்பம்மாளுக்குக் கொட்டிய தண்ணீர் நினைவு வரும், மறுபடியும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று தோன்றியது. "எனக்கு என்னடி தெரியும்? பொங்கல் கழிச்சு அவங்க ஊர்ல இருந்து ஒரு பெட்டி வந்துச்சு. உள்ள ஏதோ கறுப்பா, ஒரே புகை நாத்தம். அதைத் திறந்ததுக்கு அப்புறம்தான் இதெல்லாம்" என்றேன்.

நீங்கள் அனுப்பிய பெட்டி அக்கா அது. புகை போட்ட கறியும், காய்ந்த மூங்கில் குருத்தும், நீங்கள் கையால் நெய்த ஒரு துணியும் இருந்தன. "இது உங்களுக்கு, எங்க வீட்ல இருந்து" என்று மல்லி துணியை எடுத்து என் தோளில் போட்டாள். அவ்வளவு தூரத்திலிருந்து எனக்கென்று ஒரு பொருள் அதற்கு முன் வந்ததில்லை.

நான் பொய் சொல்லவில்லை. பெட்டி வந்தது உண்மை. புகை வாசனையும் உண்மை. காய்ச்சலும் உண்மை. மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துச் சொன்னேன், அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் அது பாம்புக் கறி ஆயிற்று. அதிலிருந்த விஷத்தை அவள் ஊசியில் ஏற்றி ஊர்ப்பிள்ளைகளுக்குப் போட்டாள் என்றும் ஆயிற்று. பாம்பும் ஊசியும் நான் சொன்னதில்லை. ஆனால் குப்பம்மாள் அன்று தன் குடத்தை என் குடத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அந்த வாரமே மல்லிக்கும் காய்ச்சல் கண்டது. ஓட்டு எண்ணி முடிந்த மறுநாள், வெள்ளிக்கிழமை காலை, முப்பது பேர் போல எங்கள் சந்தில் வந்து நின்றார்கள். எல்லாரும் தெரிந்தவர்கள். பாதிப் பேரால் நிற்க முடியவில்லை, சுவரில் சாய்ந்துகொண்டிருந்தார்கள். "அவளைப் பஸ் ஏத்தி அனுப்பு" என்றார் மேஸ்திரி. "காய்ச்சலோட பஸ்ல ஏத்தினா பஸ்ல இருக்கிறவனுக்கும் வருமே" என்றார் இன்னொருவர். ஆட்டோக்காரர் ஏற்ற மாட்டேன் என்றார். பின்னாலிருந்து ஒரு குரல், "ரூமோட கொளுத்துங்கடா" என்றது.

நான் உள்ளே போனேன். பாயில் சுருண்டு படுத்திருந்தாள். உதடு வெடித்திருந்தது.

"வெளியில யாரும்மா?" என்றாள்.

"ஒண்ணும் இல்ல. நீ தூங்கு" என்றேன்.

வெளியே வந்து கதவைச் சாத்தி, டிரங்குப் பெட்டிப் பூட்டை எடுத்து வந்து நாதாங்கியில் போட்டேன். "இனிமே இவ வெளியில வரமாட்டா. நான் பொறுப்பு. வீட்டுக்குப் போங்க" என்றேன். கலைந்து போனார்கள். அவளைக் காப்பாற்றத்தான் பூட்டினேன்.

அன்று சாயங்காலம் குப்பம்மாள் என் வீட்டுக்கு வந்து டீ குடித்தாள். அவள் போன பிறகு ஜன்னல் கம்பி வழியாக மல்லிக்கு ஒரு செம்புத் தண்ணீரும் கஞ்சியும் கொடுத்தேன். அவள் கை பட்டது, கொதித்தது. திரும்பினால் குப்பம்மாள் சந்து முனையில் நின்றுகொண்டிருந்தாள். மறுநாள் காலையில், "உள்ள கையை விட்டுக் கொடுக்கிற. அதே கையால குழாயைத் தொடுற" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு நியாயமாகத்தான் பட்டது.

சனிக்கிழமை நான் தண்ணீர் கொடுக்கவில்லை. செம்பில் மிச்சம் இருக்கும் என்று வைத்துக்கொண்டேன். ஜன்னலைத் தட்டிக்கொண்டே இருந்தாள். தெருவில் போகிறவர்களுக்குக் கேட்குமே என்று ஜன்னல் கதவையும் வெளியே இழுத்துச் சாத்திக் கொக்கி மாட்டினேன். பிறகு மேஸ்திரி ஆள் அனுப்பினார், வேலைக்குப் போனேன். பாத்தியில் இறங்கினதும் எல்லாரும் என்னோடு பேசினார்கள். யாரோ மோர் கொடுத்தார்கள், ஒரே செம்பில் எல்லாரும் குடித்தோம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது அக்கா. அதை மறைத்துவிட்டு மற்றதைச் சொல்வதில் பிரயோஜனம் இல்லை.

சாயங்காலம் பச்சமுத்து சாவியைக் கேட்டார். "அது குரல் கேட்டுக்கிட்டே இருக்குதுடி. திறந்து விடு" என்றார். "இன்னும் ஒரு நாள் போவட்டும்" என்றேன். அவர் பூட்டை உடைத்திருக்கலாம். உடைக்கவில்லை. நீங்கள் வந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாரே, அவர்தான். ஏழு மாசமாக என்னோடு பேசுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு நீங்கள் அய்யனார் கடை போனுக்குப் பேசுவீர்கள். சர்ச்சுக்குப் போய்விட்டு நேராக அங்கே வந்து மல்லி காத்துக்கொண்டு நிற்பாள். அன்று அய்யனார் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நான்தான் போனை எடுத்தேன். நீங்கள் பேசியதில் மல்சோமி என்பது மட்டும் புரிந்தது. மல்லியோடு இருந்து எனக்கும் நாலைந்து இங்கிலீஷ் வார்த்தை வரும். "ஃபீவர். நோ பிராப்ளம். ஸ்லீப்பிங்" என்றேன். "ஸ்லீப்பிங்" என்று நீங்களும் ஒரு தரம் சொன்னீர்கள். பிறகு, "தேங்க் யூ. தேங்க் யூ" என்றீர்கள்.

அவள் தூங்கவில்லை. நான் கடைக்குக் கிளம்பும்போது கதவின் அடிப்பக்கத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

நிறுத்தாதே சித்தார்த்தா. அழுதுகொண்டே சொன்னாலும் சரி, ஒரு வார்த்தை விடாமல் சொல்.

திங்கட்கிழமை வேலைக்குப் போகும் முன் பூட்டைத் திறந்தேன். கதவு நகரவில்லை. அவள் அதன்மேல் சாய்ந்து கிடந்தாள். தள்ளித்தான் திறக்க வேண்டியிருந்தது. கத்திரி வெயில், மேலே ஆஸ்பெஸ்டாஸ், மூன்று நாள். செம்பு கவிழ்ந்து கிடந்தது.

டாக்டர் காய்ச்சல் என்று எழுதினார். போலீஸ்காரர் வந்து, கூட இருந்தது யார் என்று கேட்டார். "சாலம்மாதாங்க. பெத்த பொண்ணு மாதிரி பாத்துக்கிச்சு" என்று தெருவே சொன்னது. பூட்டைப் பற்றி ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. நான் யாரையும் கேட்டுக்கொள்ளவும் இல்லை. உங்களுக்கும் அப்படித்தான் எழுதிப் போட்டிருப்பார்கள். அதை நம்பித்தான் நன்றி சொல்ல வந்திருக்கிறீர்கள். ஆனி மாதம் சுகாதாரத் துறை ஆட்கள் வந்து புகை அடித்தார்கள், டிரம்மைக் கொட்டிக் கழுவச் சொன்னார்கள். எல்லாரும் கழுவினார்கள். குப்பம்மாள்தான் முதலில் கழுவினாள்.

அவளைக் காப்பாற்றப் பூட்டினேன் என்று சற்று முன் சொன்னேன். வெள்ளிக்கிழமை மத்தியானமே சந்தில் ஒருத்தரும் இல்லை. கொளுத்த யாரும் திரும்பி வரவில்லை. சனிக்கிழமையும் வரவில்லை. சாவி என்னிடம் இருந்தது. தெரு என்னோடு பேச ஆரம்பித்திருந்தது, அது நின்றுவிடக் கூடாது என்று திறக்கவில்லை. வேறு காரணம் கிடையாது. இதைப் போலீஸ் ஸ்டேஷனில் சொல்லச் சொன்னாலும் வந்து சொல்கிறேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. வெள்ளியும் சனியும், ஞாயிறு காலை வரைக்கும், அவள் உள்ளேயிருந்து "அம்மா, அம்மா" என்றுதான் கூப்பிட்டாள். ஊரில் இருக்கிற அம்மாவை நினைத்துக் கூப்பிடுகிறாள், காய்ச்சல் வந்தால் எல்லாரும் அப்படித்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஏழு மாசமாக அப்படிச் சொல்லிக்கொண்டுதான் கண்ணை மூடுகிறேன். நான் போனில் பேசிவிட்டு வந்த பிறகு அது மாறிப்போயிற்று. "நூ, நூ" என்றாள். ஏதோ முனகல் என்று விட்டுவிட்டேன்.

இன்று காலை நீங்கள் இந்த வாசற்படியில் கால் தடுக்கித் தடுமாறினீர்கள். உங்கள் சின்ன மகள் "நூ" என்று கூப்பிட்டுக்கொண்டு ஓடிவந்து உங்களைப் பிடித்தது.

அவள் இரண்டு நாள் என்னைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, நான் வரமாட்டேன் என்று தெரிந்த பிறகுதான் அக்கா உங்களைக் கூப்பிட்டிருக்கிறாள்.